கோதாவை விட்டு இறங்கியவர்

எங்கள் ஸ்ரீமுஷ்ணத்து மூலவரை ஒருமுறை சேவித்தவர்களுக்கு அவர் நின்றிருக்கும் திருக்கோலம் மறக்காது. திருமேனி மேற்கு நோக்கியிருக்க, திருமுகம் மட்டும் தெற்கே திரும்பியிருக்க, இரு கரங்களையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, ஹிரண்யாக்ஷனை வதைத்துப் பூமியை மீட்டுக் கொணர்ந்த ஆயாசத்தோடு பூவராகன் நிற்கிறான். ஊரிலே பெரியவர்கள் சொல்லும் கதையில் யுத்தம் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும். யுத்தம் முடிந்த பிற்பாடு அவன் மேனியிலிருந்து வழிந்த வியர்வை நித்திய புஷ்கரிணி ஆனதையும், விழிகளிலிருந்து அரசமரமும் துளசியும் உதித்ததையும் சொல்லத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். மல்லுக்கு நின்றவன் மல்லை முடித்துவிட்டு என்ன செய்தான் என்பதில்தான் எங்களூருக்கு எப்போதுமே சிரத்தை. ஆகவே, குத்துச்சண்டையைப் பற்றி எழுத ஸ்ரீமுஷ்ணத்துக்காரனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்பவர்களுக்கு, சண்டையைப் பற்றி இல்லாவிட்டாலும் சண்டைக்குப் பிந்தியதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று பதில் சொல்லிக்கொள்கிறேன்.

2025 செப்டம்பரில் லிவர்பூலில் நடைபெற்ற உலகக் குத்துச்சண்டைப் போட்டியில், 80 கிலோவுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் நூபுர் ஷியோரான் என்ற ஹரியாணாப் பெண் வெள்ளிப் பதக்கம் பெற்ற செய்தியைப் பத்திரிகைகள் சுருக்கமாகத்தான் வெளியிட்டன. அதே போட்டியில் ஜாஸ்மின் லம்போரியாவும் மீனாக்ஷி ஹூடாவும் தங்கம் வென்றிருந்தபடியால், வெள்ளிக்குக் கிடைத்த இடம் குறைவாய்ப் போனதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தச் செய்தியின் கடைசி வரியில், நூபுரின் தந்தையே அவருக்குப் பயிற்சியாளர் என்றும், அவருடைய பாட்டனார் கேப்டன் ஹவா சிங் என்றும் போட்டிருந்தார்கள். அந்தப் பெயரைப் படித்ததும், வெகு நாட்களாக மனத்தில் ஓர் ஓரமாகக் கிடந்த விஷயத்தை எழுதிவிட வேண்டும் என்ற எண்ணம் தலைதூக்கியது.

நம்மவர்களுக்குக் குத்துச்சண்டை என்றால் வடசென்னைதான் ஞாபகத்துக்கு வரும், அது நியாயமும்கூட. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை என்று வகுப்பு வகுப்பாகப் பிரிந்து, துறைமுகத்திலும் ஆலைகளிலும் பகலெல்லாம் உழைத்துவிட்டு அந்திப்பொழுதில் கையுறை மாட்டிக்கொண்ட ஜனங்களின் கலை அது. 2021-இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் படத்துக்குப் பிறகு அந்தப் பெயர்கள் எங்கள் பக்கத்துக் கிராமங்களிலும் குழந்தைகள் வாயில் புரளுகின்றன. 1980-இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து, எம்.ஜி.ஆரின் வரவேற்பைப் பெற்று, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டதும், ராக்கி பிராஸ் என்ற சென்னை வாலிபரோடு சில சுற்றுகள் விளையாடியதும் அந்தத் தலைமுறையாருக்கு இன்றும் நேற்று நடந்த காரியம். கடலூர் ஜில்லாவில் நாங்கள் அவ்வளவு பாக்கியம் செய்தவர்களல்லர். எங்களுக்குக் கபடி உண்டு, சிலம்பம் உண்டு. மாசி மகத்துக்குப் பூவராகன் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் வழியில் இஸ்லாமியச் சகோதரர்கள் மரியாதை செய்து வரவேற்கும் வைபவம் உண்டு. குத்துச்சண்டை மட்டும் சமீப காலம் வரையில் சினிமாக் கொட்டகையோடு சரி.

சிதம்பரத்தில் நான் படித்துக்கொண்டிருந்தபோது, குடியிருந்த தெருவுக்குப் பின்னால் ஓட்டுக் கூரை போட்ட தேகப்பயிற்சிச் சாலை ஒன்று இருந்தது. அங்கே, சென்னையில் குத்துச்சண்டை பழகிவிட்டு உத்தியோக நிமித்தம் வந்து சேர்ந்திருந்த ஒருவர் மாலை வேளைகளில் நாலைந்து பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். எல்லோரும் அவரை ‘வாத்தியார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கையுறை மாட்டுவதற்கு முன்னால் பையனுடைய கைக்கு நீளமான பருத்தித் துணிப் பட்டையைச் சுற்றுவார். கட்டை விரலில் வளையத்தைக் கோத்து, மணிக்கட்டை மூன்று தடவை சுற்றி, முட்டிகளின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கொண்டுபோய், விரல்களுக்கு நடுவில் ஒவ்வொன்றாகப் புகுத்தி எடுத்து, மறுபடியும் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுவிட்டு, ‘மூடித் திற, மூடித் திற’ என்பார். பையன் விரல்களை மடக்கித் திறப்பான். வெகு இறுக்கமானால் ரத்தம் ஓடாது, தளர்ந்துவிட்டால் முட்டி பெயர்ந்துவிடும் என்று அவர் விளக்கம் சொல்வார். அந்த நாலைந்து பையன்களில் எவனாவது ஜில்லா எல்லையைத் தாண்டினானா என்றால், இல்லை. ஆனாலும், தான் ஆடி முடித்துவிட்ட ஓர் ஆட்டத்துக்காகத் தினமும் சாயங்காலம் அடுத்தவன் கையைப் பிடித்துத் துணி சுற்றிக்கொண்டிருப்பதற்கு எப்படிப்பட்ட மனசு வேண்டும் என்ற கேள்வி அன்றைக்கே எனக்கு உண்டாயிற்று. ஹவா சிங்கின் கதையை வாசித்தபோது அந்தக் கேள்வி பெரிதாகி என் முன்னால் வந்து நின்றது.

அவர் பிறந்தது 1937 டிசம்பர் 16-ஆம் தேதி; ஊர் உமர்வாஸ், இன்றைய ஹரியாணாவில் பிவானிப் பிரதேசத்துக் கிராமம். 1956-இல் இந்திய ராணுவத்தில் சேர்ந்தார். நாலே வருஷத்தில், 1960-இல், அதுவரை வெற்றி வீரராக விளங்கிய மொஹபத் சிங்கைத் தோற்கடித்து ராணுவத்தின் மேற்குப் பிராந்தியத்துக்கு ஹெவி வெயிட் சாம்பியனானார். அதற்கப்புறம் நடந்தவற்றை வரிசையாகச் சொன்னால் கேட்பவர்கள் நம்பத் தயங்குவார்கள்: 1961 முதல் 1972 வரை, அடுத்தடுத்துப் பதினோரு முறை, ஹெவி வெயிட் தேசியப் பட்டம் அவரிடத்திலேயே இருந்தது. கனத்த சரீரமுள்ளவர்கள் மோதும் இந்தப் பிரிவில் ஒரே ஒரு குத்து சரியான இடத்தில் விழுந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட வீரனும் தரையில் கிடப்பான். அப்படியிருக்க, ஒரு தசாப்தத்துக்கு மேலாக ஒருவரும் அவரைச் சாய்க்கவில்லை என்பது பலத்தினால் மாத்திரம் சாத்தியமாகக்கூடியதன்று. விடியற்காலை ஓட்டத்தையும் ஆகாரக் கட்டுப்பாட்டையும் ஒரு நாளும் தளரவிடாத ஒரு மனிதரைத்தான் அந்தக் கணக்கு எனக்குக் காட்டுகிறது.

1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பாகிஸ்தானின் அப்துல் ரெஹ்மானை இறுதியில் ஜயித்துத் தங்கம் வென்றார். அந்த ஆண்டே அர்ஜுனா விருதும் வந்தது. 1970-இல் மறுபடியும் அதே பாங்காக், மறுபடியும் தங்கம். இம்முறை எதிரே நின்றவர் ஈரானின் ஓம்ரான் கத்தாமி. ஆசிய விளையாட்டுகளில் அடுத்தடுத்து இரண்டு முறை தங்கம் கண்ட இந்தியக் குத்துச்சண்டை வீரர் அவரைத் தவிர வேறொருவர் இல்லை.

இவ்வளவு சாதித்தவர் ஒலிம்பிக் மேடையில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருடைய தேகபலம் உச்சத்தில் இருந்த வருஷங்களில் வந்துபோனவை 1964-இன் டோக்கியோ ஒலிம்பிக்கும் 1968-இன் மெக்ஸிகோ ஒலிம்பிக்கும். அந்த இரண்டுக்கும் இந்தியா ஒரு குத்துச்சண்டை வீரரையும் அனுப்பவில்லை. 1948-இலும் 1952-இலும் அனுப்பியதோடு சரி, பிறகு 1972-இல் மூனிச்சுக்குத்தான் அனுப்பியது. அந்த மூனிச் அணியில் முனிசாமி வேணு, சந்தர் நாராயணன் என்ற இருவர் இருந்தார்கள். அர்ஜுனா விருதுப் பட்டியலின் குத்துச்சண்டைப் பகுதியை எடுத்து வாசித்தால், டென்னிஸ் சுவாமி, ஐசக் அமல்தாஸ், ஜி. மனோகரன், சீவா ஜெயராம் என்று தென்னாட்டுக் காதுக்கு உறவுள்ள பெயர்கள் இன்னும் பல தட்டுப்படும். அந்தக் காலத்துத் தேசிய அணி என்றாலே பெரும்பாலும் ராணுவத்தார்தான். அவரவர் ஊருக்கு அவர்கள் பெயர் தெரியாமலே போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அது கிடக்கட்டும். ஹவா சிங்குக்கு ஒலிம்பிக் கிட்டாமல் போனதற்கு அவருடைய முஷ்டி காரணமல்ல. எங்கோ ஒரு மேஜையில் தயாரான பட்டியலில் குத்துச்சண்டை என்ற விளையாட்டே இடம்பெறவில்லை. ஒரு வீரனுடைய ஆயுளில் ஒலிம்பிக் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது; கோப்புக்காரனுடைய ஆயுளில் அது வருஷா வருஷம் வந்து போகும் தணிக்கையைப் போல இன்னொரு சங்கதி.

கையுறையைக் கழற்றிவிட்டு அவர் என்ன செய்தார் என்பதற்கு வருவோம். பதக்கங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டுச் சௌக்கியமாக இருந்திருக்கலாம். தலைநகரத்துச் சபைகளில் மாலை போட்டுக்கொண்டு காலத்தைக் கழித்திருக்கலாம். அவர் சொந்த மண்ணுக்குத் திரும்பினார். இந்திய விளையாட்டு ஆணையத்தின் குத்துச்சண்டைப் பயிற்சி மையம் பிவானியில் உருவாவதற்குக் காரணமானவர்களில் ஒருவராகி, 1986 முதல் 1999 வரை அதன் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார்.

பிவானியை வடக்கத்தியார் ‘சோட்டீ காசி’ என்று செல்லமாக அழைப்பார்கள். அவ்வளவு கோயில்கள் அங்கே. கோயிலும் குளமும் கடைவீதியுமாக இருக்கும் ஓர் ஊர், கொஞ்ச காலத்துக்குள் ‘சின்ன க்யூபா’ என்று வேறொரு பட்டப்பெயரும் பெற்றுவிட்டது. கோயில் நகரத்துக்காரனாகிய எனக்கு இந்தச் செய்தி விசேஷமான சந்தோஷத்தைத் தருகிறது. க்ஷேத்திரமென்றால் உற்சவமும் பிரசாதமும் தவிர வேறொன்றும் விளையாது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா?

இந்தியாவில் பயிற்சியாளர் என்ற உத்தியோகமே அப்போது நிலைபெற்று வெகு காலமாகவில்லை. 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுப் பயிற்சிக் கழகம் தோன்றிய பிறகுதான், ஆடத் தெரிந்தவன் வேறு, ஆடச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவன் வேறு என்ற வித்தியாசம் சர்க்கார் காகிதத்தில் ஏறியது. அங்கே குத்துச்சண்டைத் துறைக்கு முதல் ஆசானாக இருந்த ஓம் பிரகாஷ் பரத்வாஜுக்கு, துரோணாச்சாரியார் விருது ஏற்பட்ட 1985-ஆம் ஆண்டிலேயே அந்தக் கௌரவம் கிடைத்தது. ஆனால் பாட்டியாலாவில் இருந்துகொண்டு தேசிய அணியைத் தயார் செய்வது ஒன்று. புழுதி பறக்கும் சிற்றூரில், இன்னும் ஒருவர் கண்ணிலும் படாத விவசாயக் குடும்பத்துப் பிள்ளையைக் கூப்பிட்டு இடதுகாலை முன்னால் வை என்று ஆரம்பிப்பது வேறொன்று. முன்னதில் ஆசானிடம் வருபவன் ஏற்கெனவே அரைவாசி வெந்தவன். பின்னதில் ஆசான் அரிசியைக் களைவதிலிருந்து தொடங்க வேண்டும்.

பயிற்சி மையம் என்றதும் கோதாவும் மணல் மூட்டையும் மாத்திரம் நம் கண்ணில் தோன்றுகின்றன. அருகிலிருந்து பார்த்தவர்களைக் கேட்டால் அவர்கள் சொல்வது வேறு. வருகைப் பதிவேடு ஒன்று வேண்டும். அதில் பொய்க் கையெழுத்து இருக்கக் கூடாது. பையன்களின் பாலுக்கும் முட்டைக்கும் ஒதுக்கிய தொகை மாதம் பிறந்ததும் வந்து சேர வேண்டும். வராவிட்டால் கடைக்காரரிடம் தன் முகத்துக்காகக் கடன் சொல்ல வேண்டும். பிறந்த தேதிச் சான்றிதழைச் சரிபார்த்து, பதினேழு வயதுக்காரனைப் பதினைந்து என்று சொல்லி அழைத்து வரும் தகப்பனாரைத் திருப்பி அனுப்பும் தைரியம் வேண்டும். எடை பார்க்கும் நாளுக்கு முந்தின ராத்திரி, அரைக் கிலோ கூடிவிட்ட பையன் தண்ணீர்கூடக் குடிக்காமல் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓடுவதைக் கண்டுபிடித்து, இவனுக்கு அடுத்த எடைப் பிரிவுதான் சரி என்று தீர்மானிக்க வேண்டும். ஆடி ஓய்ந்த பிள்ளைக்கு ரயில்வேயிலோ போலீஸிலோ ராணுவத்திலோ ஓர் உத்தியோகம் கிடைக்க வழிகாட்ட வேண்டும். அது கிடைக்காத ஊரில் எந்தத் தாயும் இரண்டாவது பிள்ளையைக் குத்து வாங்க அனுப்பமாட்டாள். இவை அத்தனையும் நிர்வாகம். பயிற்சியாளர் என்ற பெயருக்குள்ளேயே ஒரு நிர்வாகி ஒளிந்துகொண்டிருக்கிறார் என்பதும், அந்த நிர்வாகி சோம்பேறியானால் உள்ளேயிருக்கும் வீரன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் பிரயோஜனமில்லை என்பதும் என் அபிப்பிராயம்.

ஹவா சிங்கிடம் பழகியவர்களுள் ராஜ்குமார் சாங்வான் ஆசிய அளவில் கீர்த்தி பெற்று 1996-இல் அர்ஜுனா விருதை அடைந்தார். குருவின் உழைப்புக்குத் துரோணாச்சாரியார் விருது 1999-ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டு, 2000 ஆகஸ்டு 29-ஆம் தேதி வழங்கப்படுவதாக இருந்தது. ஆகஸ்டு 14-ஆம் தேதி பிவானியிலேயே அவர் காலமாகிவிட்டார். அவருடைய மனைவி போய் விருதைப் பெற்றுக்கொண்டார்.

இங்கே கதை முடிந்திருந்தால் இதை ஒரு சோக சரித்திரமென்று சொல்லிவிட்டு நானும் சும்மா இருந்திருப்பேன். அவர் போன பிற்பாடு ஊர் சும்மா இருக்கவில்லை. அங்கே பயிற்சியாளராக விளங்கிய ஜகதீஷ் சிங் 2003-இல் பிவானி பாக்ஸிங் கிளப்பை ஆரம்பித்தார். 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குத்துச்சண்டை வீரர் ஐவரில் நால்வர் பிவானியில் தேறியவர்கள். 54 கிலோ பிரிவில் அகில் குமார் உலக சாம்பியனான ரஷ்யாவின் செர்கேய் வோதபியானவை வீழ்த்திக் காலிறுதிக்குப் போனார். ஜிதேந்தர் குமாரும் காலிறுதியைத் தொட்டார். 75 கிலோ பிரிவில் விஜேந்தர் சிங் அரையிறுதி வரை சென்று வெண்கலம் பெற்றார். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். 1964-இலும் 1968-இலும் போக முடியாதவருடைய ஊர், நாற்பது வருஷம் கழித்து நாலு பேரை அனுப்பியது.

பெண்பிள்ளைகள் கதை இன்னும் ருசிகரமானது. நூபுரைப் பற்றி முன்னமே சொன்னேன். லிவர்பூலில் 57 கிலோ பிரிவில் தங்கம் வென்ற ஜாஸ்மினும் பிவானிதான். ஹவா சிங்கின் உறவுக் குடும்பத்துப் பெண், அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவளுடைய சிற்றப்பன்மார். அதே போட்டியில் 80 கிலோ பிரிவில் வெண்கலம் பெற்ற பூஜா ராணிக்கும் பிவானியே ஊர். ஹவா சிங் காலத்தில் பெண்கள் கையுறை மாட்டுவதை ஒருவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். ஒலிம்பிக்கிலேயே 2012-இல்தான் அவர்களுக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் பதிவேடும் கோதாவும் வாத்தியாரும் தயாராக இருந்த ஊரில், வாசல் திறந்ததும் பெண்கள் நுழைந்துவிட்டார்கள்.

இனி நாற்காலி விஷயம். ஒரு மனிதர் கீழேயிருந்து ஊரைக் கட்டினார் என்றால், மேலே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லாவிட்டால் கதை பாதியோடு நிற்கும். 2012 செப்டம்பரில் இந்திய அமெச்சூர் குத்துச்சண்டை சம்மேளனத்தில் தேர்தல் நடந்தது. நடந்த விதம் சரியில்லை என்று சர்வதேசச் சங்கம் அந்த டிசம்பரிலேயே சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. 2013-இல் அல்மாட்டி உலகப் போட்டியில் நம் பிள்ளைகள் மூவர்ணக் கொடி இல்லாமல் சர்வதேசச் சங்கத்துக் கொடியின் கீழ் குத்த வேண்டி வந்தது. 2014-இல் பழைய சம்மேளனத்தின் அங்கத்துவமே ரத்தானது. புதிதாக ஒன்று தோன்றி, அதுவும் ஒரு வருஷத்துக்குள் கலகத்தில் கவிழ்ந்து, தற்காலிகக் கமிட்டி வந்து, 2016 செப்டம்பரில்தான் இப்போதுள்ள சம்மேளனம் பிறந்தது. இத்தனை அமளியின் பலன் ஒரு சின்னக் கணக்கில் தெரிகிறது: 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு மேரி கோம் உள்பட எட்டுப் பேர் போனார்கள், 2016 ரியோவுக்கு மூன்று பேர், பதக்கம் ஒன்றுமில்லை. அந்த நாலு வருஷத்தில் எத்தனை பையன்களின் வயது கடந்துபோயிற்று என்பதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவேடு இல்லை.

உலக நிர்வாகமும் நம்மைவிடப் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதாகச் சொல்வதற்கில்லை. 1988-இல் சியோல் ஒலிம்பிக் இறுதிச் சண்டையில், 86 குத்துகளை இறக்கிய அமெரிக்காவின் ராய் ஜோன்ஸைத் தோற்றவர் என்றும், 32 குத்துகளை இறக்கிய கொரியாவின் பார்க் சி-ஹுனை ஜயித்தவர் என்றும் நடுவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். வெட்கம் தாளாமல் 1992-இல் பொத்தான் அழுத்தும் யந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். ஐந்து நடுவரில் மூன்று பேர் ஒரே விநாடிக்குள் அழுத்தினால்தான் புள்ளி. அதனால் யோக்கியதை பெருகியதாகத் தெரியவில்லை. விநாடிக்குள் கண்ணில் படுமாறு ஒற்றைக் குத்தாகக் குத்திவிட்டு நகரும் ஒரு வறட்டுச் சண்டைமுறைதான் பெருகியது. 2013-இல் அந்த யந்திரத்தையும் தூக்கி எறிந்தார்கள். ரியோவில் மறுபடியும் தீர்ப்புகள் நாறிப்போய்ச் சில நடுவர்களைப் பாதியில் திருப்பி அனுப்பினார்கள். 2019-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அந்தச் சங்கத்தை ஒதுக்கி வைத்தது, 2023-இல் அங்கீகாரத்தையே பறித்தது. இப்போது புதிய சங்கம் ஒன்றின் பேரில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை பிழைத்திருக்கிறது. குத்து வாங்குபவன் ஒருவன், குத்துகளை எண்ணுபவன் ஒருவன், எண்ணுபவனை நியமிப்பவன் ஒருவன். இந்தக் கடைசி ஆசாமியின் முகத்தை ரசிகர்கள் பார்ப்பதே கிடையாது.

இதற்கு மருந்தாக, நாற்காலிகளில் எல்லாம் பழைய வீரர்களை உட்கார வைத்துவிட வேண்டும் என்று சிலர் சுலபமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. நன்றாகக் குத்தத் தெரிந்தவனுக்குக் கணக்குப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் வாத்தியார் ஸ்தானத்தில் சில வருஷங்கள் கழித்த வீரர் நிர்வாகத்துக்கு வரும்போது விஷயம் வேறாகிறது. சிங்கப்பூரின் சையத் அப்துல் காதரை எடுத்துக்கொள்வோம்: 1972 மூனிச் ஒலிம்பிக்கில் குத்தியவர், 1974-இல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் லைட் ஃப்ளைவெயிட் பிரிவில் வெண்கலம் பெற்றவர், பிற்காலத்தில் பயிற்சியாளராக இருந்து, அதற்குப் பிறகு நாட்டின் குத்துச்சண்டைச் சங்கத்துக்கே தலைவரானவர். கோதா, மூலை முக்காலி, மேஜை என்று மூன்று ஆசனங்களையும் வரிசை தப்பாமல் கண்டவர்கள் உலகத்தில் வெகு சொற்பம். நம் சென்னையின் வி. தேவராஜன் 1994-இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்று, அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார்; அந்தப் பெயரை இன்று எங்கள் ஜில்லாவில் நூறு பேரிடம் சொன்னால் எத்தனை பேர் தலையசைப்பார்கள் என்பதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் நான் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிரில் உட்கார்ந்திருந்தவன் என் தம்பி மகன். கல்லூரியில் படிக்கையில் குத்துச்சண்டை ஆடிப் பல்லில் ஒரு கீறலையும் இரண்டு சான்றிதழ்களையும் சம்பாதித்தவன்; விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் உத்தியோகத்துக்கு மனுப் போட்டு, சான்றிதழில் ஏதோ ஒரு முத்திரை இல்லை என்ற காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டவன். எந்த அலுவலகம் என்பதை எழுதி வம்பை விலைக்கு வாங்க எனக்கு இஷ்டமில்லை. இப்போது தனியார் பள்ளியொன்றில் பகுதி நேர உடற்கல்வி ஆசிரியனாக இருக்கிறான்.

‘பெரியப்பா, பிவானி கதையெல்லாம் சரிதான். எனக்கு இப்ப ஒரு மரம் வேணும்’ என்றான்.

‘மரமா, எதுக்குடா?’

‘மூட்டை தொங்கவிடத்தான். எட்டுப் பசங்க வர்றேன்னு சொல்லியிருக்காங்க, அதுல ரெண்டு பொண்ணுங்க. ஸ்கூல் மைதானத்துல அஞ்சு மணிக்கு மேல கேட்டைப் பூட்டிடுறாங்க. உங்க கொல்லையில ஒரு கிளை குடுத்தீங்கன்னா போதும்.’

எனக்குத் தெரிந்த பாண்டித்தியத்தைக் காட்டும் ஆவலில், மூட்டையில் மணல் ரொப்ப வேண்டும் என்றால் வெள்ளாற்று மணல் எடுக்க அனுமதி வாங்க வேண்டுமே என்றேன். அவன் சிரித்தான். வெறும் மணலைப் போட்டால் நாளடைவில் அது கீழே இறங்கிக் கல்லைப்போல இறுகிவிடும், குத்துகிறவனுடைய மணிக்கட்டு போய்விடும். தையற்கடையில் வெட்டிப் போடும் துணித் துண்டுகளைத்தான் அடைக்க வேண்டும், கனத்துக்காக நடுவில் ஒரு சின்னப் பை மணலைச் செருகினால் போதும், சன்னதித் தெருத் தையற்காரரிடம் இரண்டு சாக்குக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன் என்று விளக்கினான். வருகைப் பதிவேட்டுக்கு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றும் வாங்கி வைத்திருந்தான். முதல் பக்கத்தில் எட்டுப் பெயர்களும், பிறந்த தேதிகளும், எடையும், தகப்பனார் கைபேசி எண்ணும் கோடு போட்டு எழுதியிருந்தன. ஒரு பெயருக்கு நேரே, தாயார் இன்னும் சம்மதிக்கவில்லை என்று பென்சிலில் குறித்திருந்தான்.

கொல்லையில் இருப்பவை ஒரு முருங்கை, ஒரு வேம்பு, ஒரு புளி. முருங்கை வாழைத்தார் கனத்துக்கே ஒடியும். வேம்பில் மாரியம்மனுக்கு மஞ்சள் துணி கட்டியிருப்பதால் அதில் கை வைக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு. புளியமரத்துத் தெற்குக் கிளை தாங்கும் என்று அண்ணாந்து பார்த்துத் தீர்மானித்தோம். ஆனால் அதற்கு நேர் கீழேதான் மாட்டுத்தொழுவத்தின் ஓலைச் சார்ப்பு வருகிறது. சார்ப்பை நாலடி மேற்கே தள்ளிக் கட்டுவதற்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். கூலி விஷயத்தில் இன்னும் பேச்சு முடியவில்லை.